கச்சேரி ரோட்டு அம்மாளின் புகைப்படம்

அவசரம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றால் உங்களுக்கு முதலில் வருவது எரிச்சல்தான். இல்லை என்று தலையாட்டாதீர்கள். முப்பத்தோரு வருஷம் அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவன் நான். எல்லோருக்கும்தான் அவசரம் என்று நினைப்போம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வந்தவரைக் கொஞ்சம் காக்கவைத்தால் நம் கௌரவம் கூடும் என்றும் நினைப்போம். பாஸ்போர்ட் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு விதிகளைச் சொல்லித் தர நான் வரவில்லை. அவை அச்சடித்து பீரோவில் இருக்கின்றன. விதியெல்லாம் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த ஒருவன் எப்படிக் குப்புற விழுந்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்த ஒருவன் நானே.

முப்பதுகளின் தொடக்கம். கோட்டையில் எனக்கு ஆறாவது வருஷம். மயிலாப்பூரிலிருந்து டிராமில் போய் வருவேன். பாஸ்போர்ட் எழுதுவதில் என்னைவிட வேகமானவன் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பு என்ன, திமிர் என்றே சொல்லலாம்.

ஒரு திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும் திறக்காததுமாகக் காதர் வந்து நின்றார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கச்சேரி ரோட்டில் புத்தகம் பைண்டு செய்கிறவர். என் பையன்களின் பாடப்புத்தகங்கள் எல்லாம் அவர் கைபட்டவைதான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். தந்தி ஒன்றை நீட்டினார்.

"எங்க அக்கா ஹாஜிரா கீதுல்ல சார், அத்தோட புள்ள யூசுப்பு. சைகோன்ல துணிக்கடைல வேல. ஒரே புள்ள சார். வவுத்துல ஆப்ரேசன் பண்ணிட்டாங்களாம். மோசமா கீறான், ஒடனே அனுப்புங்கன்னு தந்தி வந்துகீது."

"கப்பல் என்னைக்கு?"

"வியாழக்கெயம. அத வுட்டா பதினாலு நாள் கயிச்சிதான் சார் அடுத்த கப்பலு. எனக்கு பாஸ்போர்ட்டு கீது, நா முன்ன ஒரு தபா போய் வந்தவன். அக்காவுக்குத்தான் வோணும்."

நான்கு நாள். சாதாரணமாக மூன்று வாரம் ஆகும் வேலை. பிரெஞ்சுக்காரர்களின் ஊர் என்பதால் நம் பாஸ்போர்ட்டோடு அவர்கள் விசாவும் வேண்டும். எனக்குப் பதற்றமும் வந்தது, கூடவே ஒரு குஷியும் வந்தது. காட்டிவிடுகிறேன் பார் என் கைவரிசையை என்று கிளம்பிவிட்டேன். குடும்பத்தைத் தெரிந்த மாஜிஸ்திரேட்டிடம் கையெழுத்து, போலீஸ் விசாரணைக்கு விலக்கு, எல்லாவற்றுக்கும் ஓடினேன். செவ்வாய்க்கிழமை மாலை பாஸ்போர்ட் தயார். எங்கள் பிரிவில் அதுவரை யாரும் அந்த வேகத்தில் முடித்ததில்லை.

அந்த வேகத்தில்தான் தப்பு நடந்தது.

அந்தக் காலத்தில் கோஷா பெண்களுக்கு, அதாவது வெளி ஆண்கள் முன்னால் முகம் காட்டாத வழக்கமுள்ளவர்களுக்கு, புகைப்படம் வேண்டாம் என்று ஒரு சலுகை இருந்தது. படம் ஒட்டும் இடத்தில் 'கோஷா, புகைப்படம் இல்லை' என்று எழுதிப் பெருவிரல் ரேகை வாங்கினால் போதும். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கேள்வியே இருந்தது. காதரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம் என்று நினைத்தேன். இன்னொருவர் வீட்டுப் பெண்பிள்ளை முகம் காட்டுவாளா மாட்டாளா என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? என் ஆத்துக்காரியின் பெயரையே நான் வெளியில் சொன்னதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள், அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியாததா என்று நானே எழுதிவிட்டேன். எழுதியதைக் காதரிடம் காட்டியபோது அவரும் ஒரு கணம் பார்த்துவிட்டு, "சர்க்காரே வேணாம்னு சொல்லிச்சுன்னா சரிங்க" என்றார். ரேகை வைக்கும் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாங்கி வந்தார். அவருக்கும் அக்காவிடம் கேட்கக் கூச்சம். ஆக, இரண்டு ஆண்கள் மிக மரியாதையாக நடந்துகொண்டோம்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் காதர் திரும்ப வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பிரெஞ்சுக்காரன் ஆபீசுல, படம் இல்லாத புக்குக்கு விசா கெடையாதுன்னுட்டாங்க சார். சைகோன்ல எறங்கவே வுட மாட்டாங்களாம். கப்பல்லயே ஒக்கார வச்சித் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

நம் விதி நம் எல்லையோடு சரி, அந்த ஊர்க்காரன் அதற்குக் கட்டுப்பட்டவன் இல்லை என்பது அன்றுவரை என் மண்டையில் ஏறவில்லை. அப்போதாவது உட்கார்ந்து யோசித்தேனா? இல்லை. ரோஷம் வந்தது. ஒரு கோஷா ஸ்திரீயின் வழக்கத்தை மதிக்க மாட்டேன் என்று இவன் யார் சொல்வதற்கு என்று, ஒரு கடிதம் எழுதினேன் பாருங்கள். மதம், மானம், மரியாதை எல்லாம் அதில் இருந்தது. டைப் அடிக்கச் சொல்லி, மேலே கையெழுத்து வாங்கி, காதரிடம் கொடுத்து ஓடச் சொன்னேன். அவர் ஓடினார். ஒரு மணி நேரத்தில் அதே கடிதத்தோடு திரும்பினார். முடியாதாம். இரண்டாவது கடிதம் எழுதினேன், இன்னும் காரமாக. அதுவும் திரும்பி வந்தது. மணி மூன்று. மூன்றாவது கடிதத்துக்குத் தாள் எடுத்தேன்.

எங்கள் ஹெட் கிளார்க் அதிகம் பேசாத மனிதர். அதுவரை தன் மேஜையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து நின்றார்.

"ஓய், இந்தச் சண்டைய யாருக்காகப் போடறீர்?"

"அந்தம்மாவோட மானத்துக்காக சார்."

"அந்தம்மா போடச் சொன்னாளா?"

கையில் எடுத்த தாளைக் கீழே வைத்தேன்.

"போய்க் கேளும். பியூன அனுப்பாதீர், நீரே போம். பாஸ்போர்ட்ல கையெழுத்துப் போடற துரைக்குக் காய்ச்சல், நாளைக்கு ஆபீசுக்கு வரமாட்டார். திருத்தம்னா அடையாறுல அவர் பங்களாவுக்குத்தான் போகணும். அதையும் மனசுல வச்சுக்கும்."

டிராமில் நானும் காதரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மவுண்ட் ரோட்டில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது நின்று நின்று போனது. எனக்கு இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது. காதர் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார். "நா கேட்டுருக்கணும் சார்," என்றார். "எங்கக்காவ நா கேட்டுருக்கணும். வெக்கமா பூட்ச்சு." அவருக்கு ஆறுதல் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்த அம்மாள் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, சரி என்றால் நேரம் போதுமா, இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வந்தேன்.

கச்சேரி ரோட்டில் ஒரு சந்துக்குள் சின்ன வீடு. கூடத்துக்குக் குறுக்கே பழைய புடவையால் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. தந்தி வந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டியதாம்.

"அக்கா, கோட்டை சார் வந்துகிறாரு," என்றார் காதர்.

"பேப்பரு வந்துச்சா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் அந்தத் திரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். விதி, சலுகை, விசா, என் கடிதங்கள். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

"என் மூஞ்சி வாணாம்னு எய்தினது யாரு?"

"நான்தாம்மா."

"என்னிய கேட்டியா?"

"இல்லம்மா."

"காதரு, நீ கேட்டியா?"

காதர் தலையைத் தொங்கப் போட்டார். திரை விலகியது. நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி. முகம் மூடவில்லை. நான் சட்டென்று தரையைப் பார்த்தேன்.

"கீய இன்னாத்த தேடுற? எம்புள்ள அங்க உசுருக்குப் போராடிக்கினு கீறான். அவன் மூஞ்சியப் பாக்கத்தான் நான் போறேன். என் மூஞ்சிய எவன் பாத்தா எனக்கின்னா? திங்கக்கெயமயே கேட்டுருந்தா அப்பவே எடுத்துக் குடுத்துருப்பேனே. எங்க கீது அந்தப் படம் புடிக்கிற கட? நட!"

நான் நடந்தேன். ஓடினேன் என்பதுதான் சரி. அந்த அம்மாள் எனக்கு முன்னால் போனார்.

லஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ. மாடியில் கண்ணாடிக் கூரை போட்டு, சூரிய வெளிச்சத்தில்தான் படம் எடுப்பார்கள். நாங்கள் மாடியேறும்போது வெயில் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லைட்டு போயிடுச்சே சார். காலைல பத்து மணிக்கு வாங்க, ஜோரா எடுத்துடலாம்."

"ஜோரா வேண்டாம்யா. மூஞ்சி தெரிஞ்சாப் போதும். காலைல எட்டு மணிக்கு என் கைல படத்தோட காப்பி இருக்கணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே நாற்காலியைக் கூரைக்கு நேர்கீழே இழுத்துப்போட்டார். வெளிச்சம் குறைவு, பத்து எண்ணும்வரை அசையாமல் இருக்கவேண்டும் என்றார். அந்த அம்மாள் அதுவரை எந்தப் படத்துக்கும் உட்கார்ந்தவர் இல்லை. ஸ்டுடியோக்காரர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எண்ணி முடிந்தது. ஸ்டுடியோக்காரர் வெளியே வந்து கையை உதறினார்.

"வீணாப் போச்சு. அம்மா, ஒதடு ஆடுது."

"ஓதிக்கினு இருக்கேன்பா."

"அஞ்சு நிமிசத்துக்கு ஓதாதீங்கம்மா."

"எம்புள்ள அங்க அப்படிக் கெடக்க, நான் எப்டிப்பா ஓதாம இருக்கறது?"

ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வெளிச்சம் கண்ணுக்கு முன்னாலேயே மங்கிக்கொண்டிருந்தது. காதர்தான் போய் அக்கா பக்கத்தில் மண்டியிட்டார். "அக்கா, பத்து எண்ற வரைக்கும் நா ஓதறேன். நீ வாய மூடிக்கினு கேட்டுக்கினு இரு." அவர் ஓத ஆரம்பித்தார். அந்த அம்மாள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு நேரே பார்த்தார். ஸ்டுடியோக்காரர் எண்ணினார். பத்து வந்ததும், சரி என்று தலையாட்டினார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஈரம் காயாத இரண்டு காப்பிகள் என் கையில் இருந்தன. கப்பல் மாலை நான்கு மணிக்கு. விசா அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடிவிடும். நான் ஜட்கா பிடித்து அடையாறுக்குப் போனேன். பாலத்துக்கு நடுவில் ஒரு கட்டை வண்டி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. பின்னால் பத்து வண்டிகள். ஜட்காக்காரர், "இப்போ போவாது சார்," என்று பீடியை எடுத்தார். நான் குதித்து, பஞ்சகச்சத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஓடினேன். மயிலாப்பூரில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் நாலு நாளைக்குச் சிரித்திருப்பார்கள்.

துரையின் பங்களா வராந்தாவில் என்னை நிற்கவைத்தார்கள். அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. 'புகைப்படம் இல்லை' என்று எழுதியதை அடித்துத் திருத்த வேண்டுமென்றால் ஏன் என்று ஒரு வரி காரணம் எழுதவேண்டும். அதன் கீழேதான் துரை கையெழுத்துப் போடுவார். எனக்கு வசதியான ஒரு காரணம் தயாராக இருந்தது. விண்ணப்பதாரர் மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் முடிந்தது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேனாவைத் திறந்து முதல் வார்த்தையை எழுதியும்விட்டேன்.

பிறகு, "என்னிய கேட்டியா?" என்ற குரல் காதில் விழுந்தது. ஏற்கெனவே ஒருமுறை அந்த அம்மாள் சொல்லாததை அவர் பெயரில் எழுதினேன். இரண்டாவது முறையும் எழுதவா? அந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'விண்ணப்பதாரரிடம் விசாரிக்காமல் எழுதியது குமாஸ்தாவின் தவறு' என்று எழுதினேன்.

துரை போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அந்த வரி என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறி, என் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அப்போது கசந்தது. இன்றைக்கு அதைப் பற்றி வருத்தம் இல்லை.

திரும்பக் கோட்டைக்கு. ஹெட் கிளார்க் பசையும் முத்திரையும் எடுத்துவைத்து, நின்றுகொண்டே காத்திருந்தார். படத்தை ஒட்டி, அதன் மூலையில் முத்திரையை அழுத்தினோம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காதர் விசா ஜன்னலில் நின்றார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் படியருகே ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தையும் ஆளையும் பார்த்தார். அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே துப்பட்டியை ஒதுக்கி முகத்தை நிமிர்த்திக் காட்டினார். பிறகு படியேறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சேதி ஒன்றும் இல்லை. பையன் பிழைத்தானா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கச்சேரி ரோடு வழியாக டிராமுக்குப் போகிறவன், சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனேன். காதர் கடை திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அந்த வருஷம் என் பையன்களின் புத்தகங்கள் அட்டை இல்லாமலே கிழிந்தன.

நாலைந்து மாதம் கழித்து ஒரு முற்பகல், ஜன்னலுக்கு வெளியே அந்த வெள்ளைத் துப்பட்டி. பக்கத்தில் காதர். அந்த அம்மாள் ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருடையது இல்லை. பையனுடையது. இறந்தவர்களின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவரே சொன்னார்.

"நான் போய்ச் சேந்தப்புறம் ஒம்போது நாள் இருந்தான் சார். என்னிய அடையாளம் தெரிஞ்சுது. கஞ்சி ஊட்டுனா குடிச்சான். என் மடியிலதான் போனான்."

ஒன்பது நாள். அடுத்த கப்பல் பதினான்கு நாள் கழித்து. நான் புதன்கிழமை மூன்று மணிக்கு எழுதத் தாள் எடுத்தேனே, அந்த மூன்றாவது கடிதத்தை எழுதியிருந்தால்? மரியாதை, மரியாதை என்று சொல்லிக்கொண்டே அந்த ஒன்பது நாளையும் அந்தத் தாயிடமிருந்து பிடுங்கியிருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை.

விதிப்படி அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி, மூலையை வெட்டி, ரத்தான மற்றவற்றோடு ஒரே கட்டாகக் கட்டவேண்டும். வருஷக் கடைசியில் கட்டோடு எரித்துவிடுவார்கள். கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த அம்மாள் போகாமல் நின்றார். துக்கம், அதனால் நிற்கிறார், பாவம், நாம் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். நினைத்த உடனே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியும் அதே காரியம்!

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டார்.

"அதுல அவன் படம் கீதே. வூட்ல அவன் படம் வேற இல்ல சார். எடுக்கல."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். மையொற்றும் தாளை நனைத்து அந்தப் படத்தின் மேல் வைத்து, பசை இளகும்வரை காத்திருந்தேன். ஹெட் கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நுனி விரலால் படத்தை உரித்து எடுத்தேன். பத்தொன்பது வயதுப் பையன், நெற்றியில் முடி விழுந்திருந்தது. தோளின் மேல் முத்திரையின் பாதி வட்டம் மட்டும் அழுந்தியிருந்தது. அந்த அம்மாள் அதை வாங்கி, தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, உதட்டை அழுத்தி மூடியிருக்கும் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு பதிவேட்டை எடுத்தேன். திருப்பி வாங்கிய பாஸ்போர்ட்டில் என்னென்ன இருந்தன என்று எழுதவேண்டும். படத்துக்கான இடத்தில், முன்பு அந்த அம்மாளுக்கு எழுதிய அதே இரண்டு வார்த்தைகளை எழுதினேன். புகைப்படம் இல்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.